கையெழுத்து பார்க்கும் ஆபீஸர் – ஒரு சின்னப் புரதமும் புற்றுநோயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்த அன்றைக்கே தவளை, செம்பருத்தி எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டவன். அதற்குப் பிறகு லோன், கிளியரிங், ஆடிட் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனவே இதைப் படிக்கிறவர்களில் உயிரியல் வாத்தியார்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். ஆனால் ஒன்று. இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம் செய்கிற வேலையை நான் வருடக் கணக்கில் செய்திருக்கிறேன். அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன் :-)

புற்றுநோய் என்றால் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட விளக்கம் ஒன்றுதான். டிஎன்ஏவில் எழுத்துப் பிழை வருகிறது, செல் தறிகெட்டுப் பெருகுகிறது. புகையிலை, கதிர்வீச்சு, சில வைரஸ்கள், பரம்பரை, வெறும் துரதிர்ஷ்டம் என்று பிழைக்குக் காரணங்கள் பல. இது சரியான விளக்கம்தான், ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி, எழுதியதை நிறைவேற்றுகிற இடத்தில் நடக்கிறது. எழுத்து சரியாகவே இருந்தாலும், அதைப் பாஸ் செய்கிற இடத்தில் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டால் அதுவே ஒரு செல்லைப் புற்றுநோய்ப் பக்கம் தள்ளிவிடும். இதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவின் நட்லி, கனடாவின் மாண்ட்ரியல், நடுக்கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவு என்று சுற்றி, கடைசியில் நான் இப்போது வேலை பார்க்கும் பரோடா வரைக்கும் வருகிறது.

இதையெல்லாம் படிக்கத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. செம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். ஒரு கட்டத்தில் டாக்டர் எவரோலிமஸ் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதே பெயர் மாத்திரையை அவர்கள் கட்டடத்திலேயே, கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரும் சாப்பிடுகிறார். சித்தி போனில் கேட்டார். “ஏம்ப்பா, மாத்துக் கிட்னிக்குக் கொடுக்கிற மாத்திரையை இவருக்கு எதுக்குக் கொடுக்கிறாங்க? வெத்தலை பாக்குகூடப் போடாத மனுஷன். யார் செஞ்ச பாவமோ...” முதல் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. அப்போது தேட ஆரம்பித்தது, இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

செக், கவுண்டர், பாஸிங் ஆபீஸர்

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் கிளையில் ஒரு செக் வந்தால் நேராகக் கேஷ் கவுண்டருக்குப் போகாது. பாஸிங் ஆபீஸர் மேஜைக்குப் போகும். அவர் ஸ்பெசிமன் கார்டை உருவி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, தன் இனிஷியலைப் போட்ட பிறகுதான் பணம். பக்கத்தில் இருக்கும் பியூன் செக்குகளை எடுத்துக்கொண்டு போய்க் கவுண்டரில் சேர்ப்பார். சில செக்குகள் நாலாக மடித்து, பின் குத்தி, இணைப்புக் காகிதங்களோடு வரும். அதையெல்லாம் பிரித்து நேராக்க ஒருவர் வேண்டும்.

செல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதேதான். டிஎன்ஏ என்பது மூலப் பத்திரம். பெட்டகத்தை விட்டு (அதாவது உட்கருவை விட்டு) வெளியே வராது. அதிலிருந்து ஒரு பகுதியை நகல் எடுத்து வெளியே அனுப்புகிறார்கள். அதுதான் எம்-ஆர்என்ஏ, நம் கணக்கில் செக். கேஷ் கவுண்டர்தான் ரைபோசோம். அங்கே கிடைக்கிற பணம் புரதம். மனித டிஎன்ஏவில் சுமார் 20,000 விதமான புரதங்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன. அத்தனைக்கும் செக் எழுதலாம். ஆனால் எழுதிய செக் எல்லாமே உடனே பணமாகிவிடுவதில்லை. இந்த வித்தியாசம்தான் நம் கதை.

எம்-ஆர்என்ஏ என்ற செக் இருப்பதே 1961-ல்தான் தெரிந்தது. அதில் எழுதியிருக்கும் மொழியை அடுத்த சில வருடங்களில் படித்துவிட்டார்கள். அதற்காக 1968-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த நம் ஹர் கோவிந்த் குரானா. மொழி புரிந்துவிட்டது, ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இத்தனை ஆயிரம் செக்குகள் நடுவே எதை முதலில் எடுப்பது, எந்த முனையிலிருந்து படிப்பது என்று கவுண்டருக்கு எப்படித் தெரிகிறது?

தொப்பி

விடையின் முதல் துண்டு பட்டுப்புழுவிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? ஜப்பானில் யசுஹிரோ ஃபுருயிச்சி என்பவர் பட்டுப்புழுவைத் தாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வைரஸின் ஆர்என்ஏ முனையில் ஏதோ ஒரு விசித்திரமான ஒட்டு இருப்பது தெரிந்தது. அவரும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நட்லி என்ற ஊரில் ரோஷ் ஆய்வகத்தில் இருந்த ஆரன் ஷாட்கினும் சேர்ந்து 1975-ல் அதன் வடிவத்தைத் தெளிவாக்கினார்கள். எம்-ஆர்என்ஏவின் தலைப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டப்பட்ட ஒரு ரசாயன எழுத்து. விஞ்ஞானிகள் வைத்த பெயர் தொப்பி. வைரஸில் மட்டுமல்ல, நம் செல்களின் எம்-ஆர்என்ஏக்களிலும் அது இருந்தது. தொப்பி இல்லாவிட்டால் பெரும்பாலான எம்-ஆர்என்ஏக்கள் சரியாகப் புரதம் ஆவதில்லை. என் பாஷையில் சொன்னால், செக்கில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

கையெழுத்து இருக்கிறது என்றால் அதைப் பார்க்கும் ஆள் ஒருவர் இருக்க வேண்டுமே? அவரைப் பிடித்தவர் நாஹும் சோனன்பெர்க். இவர் பிறந்தது 1946-ல், ஜெர்மனியில், போருக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்காக நடந்த ஒரு முகாமில். வளர்ந்தது இஸ்ரேலில். டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு நட்லிக்கு ஷாட்கினிடம் வந்தார். தொப்பியோடு ஒட்டிக்கொள்ளும் புரதம் எது என்று பார்க்க, ஒட்டியது ஒட்டியபடியே நிற்கும்படி ரசாயனத்தால் பூட்டிவிட்டுத் தேடினார்கள். 1978-ல் சுமார் 24,000 டால்டன் எடையுள்ள ஒரு சின்னப் புரதம் சிக்கியது. அடுத்த வருடம், தொப்பியைப் போன்ற ஒரு மூலக்கூறைத் தூண்டில் புழு மாதிரி கோர்த்துப் போட்டு அதைத் தனியாகவே பிரித்து எடுத்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஈஐஎஃப்-4ஈ. வாய்க்குள் நுழையவில்லை என்றால் பரவாயில்லை, நாம் 4ஈ என்றே கூப்பிடுவோம். செக்கைக் கவுண்டரில் சேர்க்கும் பியூன் 4ஜி. மடிப்பைப் பிரிக்கிறவர் 4ஏ. மூவரும் சேர்ந்து ஒரு குழு.

சோனன்பெர்க் 1979-ல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வாழ்நாள் வேலை அங்கேதான்.

இந்த வாசல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி, போலியோ வைரஸ். அதன் ஆர்என்ஏவில் தொப்பி கிடையாது. அது உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாகப் பியூனை, அதாவது 4ஜியை, வெட்டிப் போட்டுவிடுகிறது. செல்லின் சொந்தச் செக்குகள் மேஜையிலேயே தேங்கி நிற்க, வைரஸ் மட்டும் பின்வாசல் வழியாகக் கவுண்டருக்குப் போய்ப் பணம் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பின்வாசலை 1988-ல் சோனன்பெர்க்கும் அவரிடம் படித்த ஜெரி பெலட்டியரும் கண்டுபிடித்தார்கள். திருடன் எந்தப் பூட்டை உடைக்கிறான் என்று பார்த்தால் பெட்டி எது என்று தெரிந்துவிடும் அல்லவா?

1990: குமாஸ்தா மேல் சந்தேகம்

அந்தக் காலத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. செல்லுக்கு “வளர், பெருகு” என்று கட்டளை போடுகிற ஜீன்கள் கெட்டுப்போவதுதான் காரணம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ராஸ், மிக், சார்க் என்று பெயர்கள். 1989 நோபல் பரிசே இந்தத் துறைக்குத்தான், பிஷப், வார்மஸ் இருவருக்கும். எல்லாம் பெரிய அதிகாரிகள். புரதம் தயாரிக்கிற பக்கம் இருந்தவர்களை வெறும் குமாஸ்தாக்கள் என்றே நினைத்தார்கள். எல்லாச் செல்லிலும் இருப்பவர்கள், சொன்னதைச் செய்கிறவர்கள், அவர்கள் மேல் என்ன சந்தேகம் வரும்?

1990-ல் சோனன்பெர்க்கின் ஆய்வகத்திலிருந்து ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. முதல் பெயர் அந்தூலா லசாரிஸ்-கரட்சாஸ். ஆய்வகத்தில் வளர்க்கும் எலிச் செல்களில் 4ஈயின் அளவை மட்டும் கூட்டினார்கள். வேறு எதையும் தொடவில்லை. ஒழுங்காகத் தட்டில் ஒரே அடுக்காக வளர வேண்டிய செல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. பிடிமானம் இல்லாமலே வளர்ந்தன. எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்குள் அவற்றைச் செலுத்தியபோது கட்டிகள் வந்தன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் செல்லுக்குக் கூடுதலாகக் கொடுத்தது கெட்டுப்போன புரதம் அல்ல. அதன் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. எல்லாச் செல்லிலும் இருக்கிற அதே யோக்கியமான புரதம், ஆனால் அளவுக்கு மேல்.

அதே வருடம் டி பெனடெட்டி, ரோட்ஸ் என்ற இருவர் மனிதச் செல்களில் 4ஈயைக் கூட்டியபோது அவையும் தாறுமாறாக வளர்ந்ததைக் காட்டினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சாட்சி.

ஆனால் இது ஏன் என்பது உடனே புரியவில்லை. பாஸிங் ஆபீஸர் அதிகமானால் எல்லாச் செக்கும் கொஞ்சம் வேகமாகப் பாஸாகும், அவ்வளவுதானே? செல் கொஞ்சம் பெரிதாகலாம், புற்றுநோய் ஏன் வர வேண்டும்?

விளக்கம் 1992 வாக்கில் வர ஆரம்பித்தது. எல்லாச் செக்கும் ஒரே மாதிரி இல்லை. அன்றாடக் குடித்தனத்துக்கான புரதங்கள் இருக்கின்றன அல்லவா, செல்லின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும் ஆக்டின் போன்றவை, அவற்றின் எம்-ஆர்என்ஏக்களில் தொப்பிக்குப் பிறகு உள்ள பகுதி சின்னதாக, சிக்கல் இல்லாமல் இருக்கிறது. பென்ஷன்காரரின் மாதாந்தர செக் மாதிரி. பார்த்தவுடன் பாஸ். ஆனால் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களின் எம்-ஆர்என்ஏக்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் நீளம், உள்ளுக்குள்ளேயே முறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். மிக், செல் பிரிவதை முடுக்கும் சைக்ளின் டி1, புது ரத்தக் குழாய்களை இழுக்கும் வெஜ்எஃப் எல்லாம் இந்த ரகம். அது பெரிய தொகை, நாலு இணைப்பு, பத்து மடிப்பு உள்ள செக். 4ஈ அளவாக இருக்கும்போது இவை வரிசையில் பின்னாலேயே நிற்கும். 4ஈ அதிகமானால் பென்ஷன் செக்கில் பெரிய மாற்றம் இருக்காது, அது ஏற்கெனவே பாஸாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பின்னால் நின்ற பெரிய செக்குகள் எல்லாம் மளமளவென்று பாஸாகும்.

இயற்கை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறது பாருங்கள். ஆபத்தான புரதங்களுக்கான செக்குகளைப் பாஸ் ஆவதற்கே கஷ்டமான மாதிரி எழுதி வைத்திருக்கிறது. நம் வங்கியில் பெரிய தொகைக்கு இரண்டு கையெழுத்து கேட்பது போல.

ஆய்வகத் தட்டில் பார்த்தது நோயாளிகளிடமும் இருக்கிறதா? 1995-ல் மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்தபோது சாதாரணத் திசுவைவிட 4ஈ 3 முதல் 10 மடங்கு வரை அதிகம் இருந்தது. 1997-ல் லூயிசியானாவில் செரி-ஆன் நேதன் குழு தலை, கழுத்துப் புற்றுநோய் ஆபரேஷன்களைப் பார்த்தது. கட்டியை வெட்டி எடுக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் அந்த ஓரம் சுத்தமாகத் தெரிந்தால் நிம்மதி. ஆனால் சுத்தம் என்று சொன்ன ஓரத்திலேயே 4ஈ அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்த செல்லில், பாஸிங் மேஜை ஏற்கெனவே தளர்ந்திருந்தது என்று அர்த்தம். குட்கா பாக்கெட் தொங்காத பெட்டிக்கடையே இல்லாமல் இருந்த ஊர்களில் குடும்பம் நடத்துகிற நமக்கு, வாய்ப் புற்றுநோயைப் பற்றிய இந்த ஆராய்ச்சி தூரத்து விஷயம் இல்லை.

2004-ல் டேவிட் ருகெரோ முதலானவர்கள் 4ஈ அதிகம் உள்ள எலிகளையே வளர்த்துப் பார்த்தார்கள். வயதாக ஆக அவற்றுக்கு நிணநீர், நுரையீரல், கல்லீரல் என்று பல இடங்களில் கட்டிகள் வந்தன. மிக் என்ற பெரிய அதிகாரியும் சேர்ந்துகொண்டால் நோய் இன்னும் வேகம்.

ஆபீஸர் கையைப் பிடிக்கும் ஆள்

எந்த வங்கியிலும் பாஸிங் ஆபீஸரை அவர் இஷ்டத்துக்கு விடுவதில்லை. செல்லும் விடுவதில்லை. 1994-ல் 4ஈயின் கையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 4ஈ-பிபி என்று பெயர். இது ஒட்டிக்கொண்டிருக்கும் வரை 4ஈ, பியூனோடு சேர முடியாது. கையெழுத்தைப் பார்த்தாலும் செக் நகராது. செல்லுக்கு இன்சுலின் போன்ற வளர்ச்சிச் செய்தி வந்தால் 4ஈ-பிபி மேல் பாஸ்பேட் என்ற முத்திரை குத்தப்படுகிறது, பிடி விடுகிறது, 4ஈ வேலைக்குக் கிளம்புகிறது.

அப்படியானால் முத்திரை குத்துவது யார்? இந்த இடத்தில் கதை ஒரு பெரிய தாவல் தாவி ஈஸ்டர் தீவுக்குப் போகிறது.

1964 கடைசியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலில் ஈஸ்டர் தீவுக்குப் போனது. திரும்பும்போது மண் மாதிரிகளும் வந்தன. மாண்ட்ரியலில் அயர்ஸ்ட் என்ற மருந்துக் கம்பெனியில் சுரேந்திர நாத் சேகல் வேலை பார்த்தார். இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஷாப் என்ற ஊரில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அவரும் சகாக்களும் ஒரு பொருளைப் பிரித்தார்கள். தீவின் சொந்தப் பெயர் ராபா நூயி. அதனால் மருந்துக்கு ராபமைசின் என்று பெயர். 1975-ல் அறிக்கை வந்தது. முதலில் அதைக் காளானைக் கொல்லும் மருந்தாகத்தான் பார்த்தார்கள். புற்றுக் கட்டிகளையும் அது தடுக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்தது. ஆனால் 1980களின் தொடக்கத்தில் கம்பெனி மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடியது, திட்டமும் நின்றது. சேகல் அந்த நுண்ணுயிரை வீட்டு ஃபிரீசரில் வைத்துக் காப்பாற்றினார். வருடங்கள் கழித்து, நிர்வாகம் மாறிய பிறகு, அதை வைத்தே ஆராய்ச்சியைத் திரும்ப ஆரம்பிக்க வைத்தார். 1999-ல் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சேகல் 2003-ல் குடல் புற்றுநோயில் காலமானார். அதே ராபமைசினைத் தன் நோய்க்கு அவர் சாப்பிட்டும் பார்த்திருக்கிறார்.

இந்த மருந்து செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்று தேடியவர்கள் 1991-ல் ஈஸ்ட்டிலும் 1994-ல் பாலூட்டிகளிலும் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். எம்டார் என்று பெயர். சாப்பாடு இருக்கிறதா, சக்தி இருக்கிறதா, வளரச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறதா என்று எல்லாம் பார்த்து உத்தரவு போடும் கிளை மேனேஜர். 1996-ல் இரண்டு நூலும் ஒன்றாக முடிந்தது. ராபமைசின் கொடுத்தால் 4ஈ-பிபி மேல் முத்திரை விழுவது குறைகிறது. அதாவது மேனேஜர் எம்டார்தான் முத்திரை குத்துகிறவர். மேனேஜரை உட்கார வைத்தால் 4ஈயின் கை மறுபடி கட்டப்படுகிறது.

சித்தியின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். மாற்றுக் கிட்னியைத் தாக்க வேண்டுமென்றால் எதிர்ப்புச் சக்திச் செல்கள் பெருக வேண்டும். கட்டி வளர வேண்டுமென்றால் புற்றுச் செல்கள் பெருக வேண்டும். இரண்டுக்கும் உத்தரவு அதே மேனேஜரிடமிருந்து போகிறது. எவரோலிமஸ், ராபமைசினைக் கொஞ்சம் மாற்றிச் செய்த தம்பி. அதனால்தான் ஒரே மாத்திரை இரண்டு வீட்டில்.

பலன் எவ்வளவு?

இங்கே கணக்கைக் கணக்காகச் சொல்ல வேண்டும். ராபமைசின் வகையில் டெம்சிரோலிமஸ் என்ற ஊசி மருந்துக்கு 2007-ல் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எவரோலிமஸ் மாத்திரைக்கு 2009-ல். டெம்சிரோலிமஸின் பெரிய சோதனையில் 626 நோயாளிகள். பழைய மருந்தான இன்டர்ஃபெரான் எடுத்தவர்கள் வாழ்ந்தது நடுமதிப்பாக 7.3 மாதம். புதிய மருந்து எடுத்தவர்கள் 10.9 மாதம். மூன்றரை மாதம் அதிகம். இது நடுமதிப்பு. சிலருக்கு இதைவிட நிறைய, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அந்த மூன்றரை மாதத்தில் ஒரு பேத்தியின் கல்யாணம் நடக்கலாம். சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குணம் என்றும் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவுதான்? பிறகு வந்த ஆராய்ச்சிகள் இரண்டு காரணம் சொன்னன. ஒன்று, ராபமைசின் எம்டாரின் மற்ற வேலைகளை நன்றாக நிறுத்தினாலும் 4ஈ-பிபி மேல் முத்திரை குத்துவதை முழுக்க நிறுத்துவதில்லை. பல செல்களில் கொஞ்ச நேரத்தில் முத்திரை திரும்ப விழ ஆரம்பிக்கிறது. இரண்டு, சில கட்டிகளில் 4ஈ-பிபியே குறைந்துபோயிருக்கும், அல்லது 4ஈ மிக அதிகமாக இருக்கும். கையைப் பிடிக்க ஆளே இல்லாதபோது மேனேஜரை உட்கார வைத்து என்ன பிரயோஜனம்? இப்படிப்பட்ட மருந்துகள் பலிக்குமா என்பது 4ஈக்கும் 4ஈ-பிபிக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று 2012-ல் சோனன்பெர்க் குழு காட்டியது. எத்தனை ஆபீஸர் என்பது மட்டும் கணக்கு இல்லை, ஆபீஸருக்கு எத்தனை கண்காணிப்பு என்பதுதான் கணக்கு. இதை எந்த ஆடிட்டரும் உடனே ஒத்துக்கொள்வார்.

நேராக 4ஈயையே தடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். மஞ்சள் காமாலை வைரஸுக்குக் கொடுக்கும் பழைய மருந்து ரிபாவைரின், தொப்பியைப் போல வேஷம் போட்டு 4ஈயை ஏமாற்றுகிறது என்று மாண்ட்ரியலில் கேத்தரின் போர்டன் குழு சொன்னது. 2009-ல் வெளிவந்த சின்னச் சோதனையில், வேறு வழியில்லாத ரத்தப் புற்றுநோயாளிகள் 11 பேரில் ஒருவருக்கு நோய் முழுதாக அடங்கியது, இருவருக்குப் பாதி அடங்கியது. 4ஈ உற்பத்தியையே குறைக்கும் இன்னொரு மருந்தை மனிதர்களில் சோதித்து 2011-ல் முடிவு வந்தது. 4ஈ குறைந்தது, ஆனால் கட்டிகள் சுருங்கவில்லை. மடிப்புப் பிரிக்கும் 4ஏயைத் தடுக்கும் பொருள் அக்லாயா என்ற மர வகையில் கிடைத்தது. நம் வேப்ப மரத்தின் குடும்பம்தான். அந்த மாதிரியில் செய்த மருந்தும் மனிதச் சோதனைக்கு வந்திருக்கிறது. (உடனே யாரும் வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். குடும்பம் ஒன்று என்பதால் குணம் ஒன்றாகிவிடாது. நம் குடும்பங்களையே பாருங்கள் :-))

ஒன்றை மறக்கக் கூடாது. 4ஈ கதை வந்ததால் டிஎன்ஏ பிழைக் கதை பொய்யாகிவிடவில்லை. பெரும்பாலான கட்டிகளில் எங்கோ மேலே ஒரு ஜீன் கெட்டு, அதனால்தான் மேனேஜர் ஓயாமல் முத்திரை குத்துகிறார், அல்லது 4ஈ அதிகம் உற்பத்தியாகிறது. பிழை எங்கே நடந்தாலும் அதற்கான பணம் கடைசியில் இந்த ஒரு மேஜை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் இந்த மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள்.

பரோடா

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். கேஷ் கவுண்டர், அதாவது ரைபோசோம், எப்படி இருக்கும் என்று அணு அணுவாகக் காட்டியதற்காக 2009-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்கு வந்துவிட்டது. அப்பா இங்கே எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையை நடத்தியவர். வெங்கி பி.எஸ்சி. படித்ததும் இங்கேதான், 1971-ல் முடித்தார். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். அம்மா ராஜலட்சுமி டாக்டர் பட்டம் வாங்கியது எங்கே தெரியுமா? மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில், 1959-ல். சோனன்பெர்க் அங்கே வருவதற்கு இருபது வருடம் முன்னால். தற்செயல்தான், ஆனாலும் படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

2020-ல் வெங்கியின் கேம்பிரிட்ஜ் குழு இன்னொரு படத்தை வெளியிட்டது. மனித ரைபோசோமின் சின்னப் பாதியில் எம்-ஆர்என்ஏ வந்து உட்காரும் தருணம். 4ஈ இருக்கும் அந்தக் குழு கவுண்டரின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அதில்தான் முதல் முறையாகத் தெரிந்தது. 1978-ல் நிழலாகச் சிக்கிய ஆசாமியின் குழு நிற்கும் இடத்துக்கு, 42 வருடம் கழித்து ஒரு வரைபடம். மருந்து செய்கிறவர்களுக்கு இந்தப் படம் வீட்டு முகவரி மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இவ்வளவு முக்கியமான புரதத்தைத் தடுத்தால் நல்ல செல்களும் செத்துப்போகுமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 2015-ல் ருகெரோவின் ஆய்வகம் 4ஈ பாதி அளவே உள்ள எலிகளை வளர்த்தது. அவை சாதாரணமாகப் பிறந்தன, வளர்ந்தன. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அவற்றின் செல்களைப் புற்றுநோயாக மாற்றுவது கஷ்டமாக இருந்தது, நுரையீரல் கட்டிகளும் குறைந்தன. ஒழுங்கான வாழ்க்கைக்குப் பாதி 4ஈ போதும். மீதிப் பாதி இல்லாமல் தடுமாறுவது கட்டிதான்.

எலியில் தெரிந்தது மனிதனுக்கு மருந்தாக வர எத்தனை காலம் என்று யாரும் தேதி போட்டுத் தர முடியாது. ஆனால் நல்ல செல்லையும் கெட்ட செல்லையும் சேர்த்து அடிக்காமல், கெட்டதன் தேவையை மட்டும் குறைக்க ஒரு இடைவெளி இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. இதற்காக இன்றைக்கும் பல ஆய்வகங்கள் உழைக்கின்றன.

“யார் செய்த பாவம்” என்று கேட்கிறவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். ஊரை விட்டு, உறவை விட்டு வந்து இருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கனம். அவர்களிடம் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒரு செல்லில், ஏதோ ஒரு நாளில், கண்காணிப்பு கொஞ்சம் தளர்ந்தது. அதற்குப் பாவ புண்ணியக் கணக்கு கிடையாது. புகையிலையை விடுங்கள், சந்தேகம் என்றால் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள், அவர் எழுதிக்கொடுத்த மருந்தை நான் எழுதியதைப் படித்து மாற்றிவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, செக் பாஸ் பண்ணுகிறவன்.

வேறு ஒரு விஷயத்தோடு மறுபடியும் சந்திப்போம்.